எதிரி சாகவே மாட்டேன் என்கிறானா? ஃபேன்டஸி கேம் சண்டையை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு மேல் இருக்கிற அறையில் நாங்கள் மூன்று பேர் இரண்டு வருடமாக ஒரு ஃபேன்டஸி ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி, அதை வளர்த்துக்கொண்டே ஆடும் கேம்) செய்துகொண்டிருக்கிறோம். கோடோ எஞ்சின் என்ற கேம் செய்யும் மென்பொருளில். மலைப்பாதையில் நடந்து போனால் எதிரி வரும்போது சண்டைத் திரை தனியாகத் திறக்கும். உள்ளே டர்ன் (மாறி மாறி முறை வைத்து அடிப்பது) கிடையாது, நேரடியாக வாளை வீச வேண்டும், உருண்டு தப்ப வேண்டும். கதை நடக்கும் மலையைப் பார்த்தவுடன் ஏற்காடு என்று தெரிந்துவிடும். ஆனாலும் சேர்வராயன் பெயரை வைக்கவில்லை. கும்பிடுகிற சாமியின் மலையை அரக்கர் சண்டைக்கு இழுக்க மனம் வரவில்லை. மற்றபடி பனிமூட்டம், காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, காட்டெருது எல்லாம் உண்டு.

கீழே பட்டறைக்கு அறுந்த கொலுசு வந்தால், அறுந்த இடத்தில் மட்டும் பொடி வைத்து ஊதிக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். பக்கத்து வளையங்களை நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேம் ஆடிவிட்டு வருகிறவர் சொல்லும் புகாரையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வலிக்கிற இடத்தை அவர் சரியாகச் சொல்வார். காரணம் இன்னதுதான் என்று அவர் சொல்வது பல நேரம் பொருந்தாது. "ரொம்பக் கஷ்டம்" என்று வந்த புகார்களில் பாதிக்கு மேல் எங்களுக்குக் கஷ்டத்தால் வந்ததே இல்லை. நீளத்தால் வந்தது, புரியாததால் வந்தது, திரும்ப நடந்ததால் வந்தது.

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கேமில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்

புதிதாக ஆடுகிறவர் ஒருவரை உட்காரவைத்து, திரையையும் அவர் கையையும் போனில் வீடியோ எடுங்கள். பேசாதீர்கள், வழி சொல்லாதீர்கள். அப்புறம் வீடியோவைப் போட்டு மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். சாதாரண எதிரி எத்தனை அடியில் சாகிறான். ஆட்டக்காரர் எத்தனை அடியில் சாகிறார். சண்டை நடந்த மொத்த நொடிகளில், அவர் எதையாவது யோசித்து முடிவெடுத்த நொடிகள் எத்தனை. மூன்றாவது எண்ணைத் துல்லியமாக அளக்க முடியாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எழுதுங்கள், மூன்றிலும் அதுதான் முக்கியமானது. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள், பழைய எண்ணைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரே நாளில் ஹெல்த்தையும் (மிச்ச உயிர்) டேமேஜையும் (ஓர் அடி குறைக்கும் உயிர்) வேகத்தையும் மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது. இன்னொன்று: புதிய ஆள் ஒரு முறைதான் புதிய ஆள். எங்கள் தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் முதல் மாதத்திலேயே ஆடவைத்துவிட்டு, பிறகு புதிய கண்ணுக்காக அலைந்தோம். ஆட்களை மிச்சம் பிடித்து வையுங்கள்.

"அடிச்சுக்கிட்டே இருக்கேன், சாகவே மாட்டேங்குது"

எல்லா ஃபேன்டஸி கேமிலும் வரும் நோய் இது. முதலில் பார்க்க வேண்டியது: சண்டையின் இரண்டாம் பாதி, முதல் பாதியில் கேட்காத எதையாவது ஆட்டக்காரரிடம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் அந்தப் பாதி வெறும் வேலை.

எங்கள் முதல் பெரிய பாஸ், அதாவது சாதாரண எதிரிகளைவிட வலிய தலைமை எதிரி, ஒரு காட்டெருது. 1800 ஹெல்த் கொடுத்திருந்தோம். என் அக்கா மகள் அதோடு 6 நிமிடம் 40 நொடி போராடினாள். வீடியோவைப் பார்த்தால், காட்டெருதின் மூன்று வித்தைகளையும் (முட்டுவது, பின்காலால் உதைப்பது, மண்ணைக் கிளறித் தூசி எழுப்புவது) இரண்டரை நிமிடத்துக்குள் பார்த்து, மூன்றுக்கும் பதில் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். மீதி நான்கு நிமிடம் அதே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதினாள். கடைசியில் அவள் செத்தது கவனம் போனதால்தான். வெளியே வந்து அவள் சொன்ன வார்த்தை, "கஷ்டமா இருக்கு மாமா." நாங்கள் அன்றைக்கு அவளை நம்பி, காட்டெருதின் டேமேஜைக் குறைத்தோம். சண்டை இன்னும் மந்தமாகிவிட்டது.

சரியான மருந்து நேர் எதிரானது. ஹெல்த்தை 1000க்கு இறக்கினோம். டேமேஜைப் பழைய அளவுக்கே ஏற்றினோம். பாதி ஹெல்த் போனதும் அது காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தின் சுவரை இடித்துக்கொண்டு போகும்படி செய்தோம். அதற்குப் பிறகு ஆட்டக்காரர் ஒளிந்துகொள்ளச் சுவர் இல்லை, முட்டுதலுக்கு வேறு பதில் தேட வேண்டும். சண்டை நாலு நிமிடத்துக்குள் வந்தது. அதிகம் பேர் சாகிறார்கள், ஆனால் நீளம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

பெரிய நிறுவனங்களின் கேம்களிலும் இந்த நோய் கஷ்ட அளவுப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். 2011இல் வந்த ஸ்கைரிமில், நடு அளவான அடெப்ட்டில் இரு பக்கமும் அடி உள்ளது உள்ளபடி விழும். 2013இல் பேட்ச் (வெளியான பின் வரும் திருத்தம்) மூலம் சேர்ந்த லெஜன்டரி அளவில் நீங்கள் கொடுக்கும் அடி கால் பங்காகும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். அடெப்ட்டில் 10 வெட்டில் விழுகிற கொள்ளைக்காரனுக்கு இங்கே 40 வெட்டு வேண்டும். அவன் புதிதாக எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டான், தோல் மட்டும் தடித்திருக்கும். கஷ்ட அளவை இப்படி ஒற்றைப் பெருக்கலாகச் செய்வது செலவு குறைந்த வழி. சிறிய குழுவாக இருந்தால் செய்துதான் ஆக வேண்டியிருக்கும். அப்போதும் பெருக்கலை எதிரியின் அடியில் வையுங்கள், அவன் ஹெல்த்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இதே அறிகுறிக்கு இன்னொரு மூலமும் உண்டு, அது சூத்திரத்தில் இருக்கிறது. பாஸ் சரியாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு சின்ன எதிரி மட்டும் காரணமில்லாமல் இழுக்கிறது என்றால் டேமேஜ் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள். தாக்குதலிலிருந்து தற்காப்பைக் கழிக்கிறீர்களா? தாக்குதல் 30, எதிரியின் தற்காப்பு 20, ஹெல்த் 200 என்றால் ஓர் அடிக்கு 10, ஆக 20 அடி. தற்காப்பை வெறும் 5 கூட்டி 25 ஆக்கினால் ஓர் அடிக்கு 5, ஆக 40 அடி. ஐந்தே புள்ளியில் சண்டை இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. 30 ஆக்கினால் எதிரி சாகவே மாட்டான். கழித்தல் முறை தப்பு என்று சொல்லவில்லை. சின்ன எண்களோடு ஆடும் கேம்களில், மனக்கணக்கிலேயே போட முடிவதால், அழகாக வேலை செய்யும். ஆனால் எண்கள் ஏறிக்கொண்டே போகும் நீண்ட ஆர்பிஜியில் அது வழுக்குப் பாறை.

விகித முறைக்கு மாறினோம்: தாக்குதலை 100ஆல் பெருக்கி, 100உம் தற்காப்பும் கூட்டிய தொகையால் வகுப்பது. அதே 30க்கு எதிராகத் தற்காப்பு 20 என்றால் அடி 25, தற்காப்பு 25 என்றால் 24. எட்டு அடியில் செத்தவன் ஒன்பதாவது அடியில் சாகிறான். இப்போது தற்காப்பைப் பயமில்லாமல் கூட்டிக் குறைக்கலாம். ஒரு ராத்திரியில் மாற்றிய சூத்திரம், மூன்று மாதம் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்த ஒன்பது எதிரிகளைச் சரிசெய்தது.

"என்ன அடிச்சதுன்னே தெரியல, செத்துட்டேன்"

இங்கே டேமேஜைக் குறைக்கக் கை துடிக்கும். பொறுங்கள். செத்த இடத்துக்கு வீடியோவை ஓட்டி, அடி கிளம்பிய நொடியிலிருந்து விழுந்த நொடிவரை ஃபிரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை) எண்ணுங்கள். கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைவதற்கே மனிதருக்குக் கால் நொடி ஆகும்; நொடிக்கு 60 ஃபிரேமில் அது 15. அதுவும் ஒரே பட்டனை அமுக்கக் காத்திருந்தால். உருளுவதா, தடுப்பதா, விலகி ஓடுவதா என்று தேர்வு இருந்தால் இன்னும் கூடும். எங்கள் மரநாய் அரக்கன் 14 ஃபிரேமில் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 34 ஃபிரேம் ஆக்கி, கடிப்பதற்கு முன் உடலைத் தரையோடு பதியவைத்தோம். டேமேஜில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. புகார் நின்றுவிட்டது.

ஃபிரேம் எண்ணிக்கை சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் கண்ணை மறைப்பது எது என்று பாருங்கள். நாங்கள் ஏற்காட்டுப் பனிமூட்டத்தை ஆசைப்பட்டுச் செய்தோம். டிசம்பர் காலையில் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது அல்லவா, அந்த வெண்மை. அந்த வெண்மைக்குள் சாம்பல் நிற எதிரியை விட்டால் யாருக்குத் தெரியும்? பனியை எடுக்க மனமில்லை. அதனால் பனிக்குள் வரும் எதிரிகளுக்கு மட்டும் ஓசை சேர்த்தோம்: அடிக்கு முன் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம், இடது பக்கம் என்றால் இடது காதில். இப்போது கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மூன்றாவது காரணம் கூட்டம். இது கணக்கு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஓர் எதிரியைக் கொல்ல 3 நொடி, அவன் நொடிக்கு 10 டேமேஜ் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தால் நீங்கள் வாங்குவது 30. மூன்று பேர் சேர்ந்து வந்தால் 90 என்றுதான் தோன்றும். ஆனால் முதல் ஆளைக் கொல்லும்வரை மூன்று பேரும் அடிக்கிறார்கள், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஒருவன். 90, 60, 30, ஆக 180. ஆறு மடங்கு. நான்கு பேர் என்றால் 300, பத்து மடங்கு. "இந்த இடத்தில் இன்னொரு ஆளைப் போடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாம் சேர்ப்பது இதைத்தான். ஆட்டக்காரருக்கோ எது எங்கிருந்து விழுந்தது என்றே தெரியாது.

இதற்குப் பழகிய மருந்து, ஒரே நேரத்தில் அடிக்க இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று வரிசை போடுவது. மற்றவர்கள் சுற்றி நின்று மிரட்டுவார்கள், இடம் மாறுவார்கள், வாளை ஓங்குவார்கள், ஆனால் சீட்டு கிடைக்காமல் அடிக்க மாட்டார்கள். 2012இல் வந்த கிங்டம்ஸ் ஆஃப் அமலூர் இப்படித்தான் ஆட்டக்காரரைச் சுற்றி இடங்களைப் பிரித்து, யார் எப்போது அடிக்கலாம் என்று எண்ணிக்கை வைத்திருந்தது. நாங்கள் சாதாரண அளவில் இரண்டு சீட்டு, கடினத்தில் மூன்று என்று வைத்திருக்கிறோம். கஷ்ட அளவைக் கூட்ட ஹெல்த்தைவிட இது எவ்வளவோ மேல். சண்டையின் நீளம் ஏறுவதில்லை, கவனிக்க வேண்டியவை மட்டும் கூடுகின்றன.

"முதல்ல உயிர் போச்சு, இப்ப ஒண்ணுமே இல்ல"

தலைகீழ் மலை. அடிவாரத்தில் செங்குத்து, உச்சியில் சமவெளி. காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஆட்டக்காரரின் பலம் பெருக்கிக்கொண்டு போகிறது, எதிரியின் பலம் கூட்டிக்கொண்டு போகிறது. வாள் 20 சதவீதம், ஸ்கில் 20, மோதிரம் 20, கூட வரும் தோழியின் ஆசி 20. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். முதலில் செய்ய வேண்டியது, இந்த நான்கையும் ஒரே கூட்டலுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது: 80 சதவீதம், அவ்வளவுதான். பெருக்கல் உரிமையை ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள்.

எதிரியையும் ஆட்டக்காரரோடு சேர்த்து ஏற்றிவிடலாமே என்று தோன்றும். 2006இல் ஆப்லிவியன் அதைத்தான் செய்தது. உங்கள் லெவல் ஏற ஏற உலகமும் ஏறியது. வழிப்பறிக் கொள்ளைக்காரன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து சில்லறை கேட்டு மிரட்டினான். வளர்ந்தோம் என்ற உணர்வே இல்லாமல் போனது. ஆர்பிஜி ஆடுகிறவர் கொடுக்கும் நேரத்துக்கு வாங்கும் கூலி அந்த உணர்வுதான், அதில் கை வைக்கக் கூடாது. அதே வரிசையில் அடுத்து வந்த ஸ்கைரிம், இடத்துக்கு இடம் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்து அதைத் தணித்தது. நாங்களும் அப்படியே: அடிவாரம் 1 முதல் 6, காப்பித் தோட்டங்கள் 5 முதல் 12, உச்சிக்காடு 11 முதல் 18. பத்தாவது லெவலில் அடிவாரத்துக்கு இறங்கி வந்தால் பழைய எதிரி இரண்டு அடியில் விழ வேண்டும். விழட்டும். ஒரு காலத்தில் துரத்திய நாயை இப்போது நின்று பார்க்கிற சந்தோஷம் அது.

பக்கக் கதைகள் நிறைய இருந்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு லெவலில் வந்து சேர்வார்கள். அதற்கு 2024 ஜூனில் வந்த எல்டன் ரிங்கின் விரிவாக்கம் நல்ல பாடம். அங்கே பழைய லெவலைப் பெரிதாக நம்பாமல், அந்த நிலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தனி பலம் ஒன்றை வைத்தார்கள். துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டும். ரொம்பக் கஷ்டம் என்று கூச்சல் எழுந்தபோது, ஒரு வாரத்துக்குள் வந்த பேட்ச்சில் அந்தத் தனி பலத்தின் முதல் பாதி கூடுதலாகப் பலன் தரும்படி மாற்றினார்கள். பாஸ்களை இளைக்கவைத்து அல்ல, ஏறுகிறவருக்கு முதல் படிகளை உயர்த்திக் கொடுத்து. கஷ்டப் புகார் வந்தால் நான் இப்போது முதலில் கேட்பது, வளைகோட்டின் எந்தப் பகுதியில் ஆள் நிற்கிறார் என்பதைத்தான்.

"நாலு எட்டு வைக்கறதுக்குள்ள சண்டை"

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1986இல் டிராகன் குவெஸ்ட் பழக்கிய முறை: நடந்தால் திடீரென்று சண்டை. நினைவகமும் திரையும் சிறியதாக இருந்த காலத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. 1994இன் எர்த்பவுண்ட் எதிரிகளை வரைபடத்திலேயே நடமாடவிட்டது, மிகவும் பலவீனமான எதிரி மோதினால் சண்டைத் திரையே திறக்காமல் வெற்றி கொடுத்தது. பிரேவ்லி டிஃபால்ட் சண்டை எத்தனை முறை வர வேண்டும் என்பதை ஆட்டக்காரரே கூட்டிக் குறைக்கவிட்டது. மூன்றில் எது உங்கள் கேமுக்குப் பொருந்துமோ அதை எடுங்கள்.

அதற்கு முன் சண்டை அல்லாத நொடிகளை அளந்துவிடுங்கள். எங்களுடையதில் திரை சுழன்று திறக்க 2.5 நொடி, முடிந்ததும் வெற்றித் திரைக்கு 4 நொடி. முதல் அத்தியாயத்தில் சுமார் 80 சண்டை. பெருக்கினால் 520 நொடி, ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றும் நடக்காத ஒன்பது நிமிடம். சுழற்சியை 0.6 நொடியாக்கினோம், வெற்றித் திரையைப் பட்டன் அமுக்கினால் போகும்படி செய்தோம். சண்டை எண்ணிக்கையைத் தொடவே இல்லை. "சண்டையைக் குறைச்சிட்டீங்களா, நல்லா இருக்கு" என்றார்கள்.

"மருந்து எல்லாம் அப்படியே பையில இருக்கு"

யாரும் புகாராகச் சொல்ல மாட்டார்கள், சேவ் ஃபைலைத் திறந்தால் தெரியும். 40 மூலிகைக் குப்பியோடு கேமை முடித்திருப்பார். அந்தக் குப்பிகளைக் கணக்கில் வைத்துத்தான் நீங்கள் பாஸைச் செய்தீர்கள், அவரோ குப்பியே இல்லாத மனிதராக ஆடியிருக்கிறார். பிறகு ஏன் கஷ்டமாக இருக்காது?

செலவானால் திரும்பாது என்ற பயம்தான் மூலம். 2011இன் டார்க் சோல்ஸ் குப்பி, தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் திரும்ப நிரம்பும். அதனால் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை, தீயிலிருந்து தீவரை உள்ள தூரம் முழுவதும் ஒரே பரீட்சையாகிவிடுகிறது. நாங்கள் குப்பியை ஐந்தாக்கி, ஒவ்வொரு சுமைதாங்கிக் கல்லிலும் நிரம்பும்படி செய்தோம்.

இதோடு ஒட்டிய கணக்கு ஒன்று. இரண்டு ஓய்விடங்களுக்கு நடுவே பத்துச் சண்டை. ஒவ்வொன்றிலும் பிழைக்க 95 சதவீத வாய்ப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் எளிது. பத்தையும் தாண்ட 60 சதவீதம்தான். ஆகவே சண்டையை ஒன்றொன்றாகச் சோதிக்காதீர்கள், ஓய்விடம் விட்டு ஓய்விடம் சோதியுங்கள்.

"பாஸ் கஷ்டமில்ல, அங்க போறதுதான் கஷ்டம்"

கிளியூர் அருவிக்கு இறங்கினவர்களுக்குத் தெரியும். இறங்கி முடித்த பிறகு பையை மேலேயே விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் அருவியின் மேலேயே கோபம் வரும். எங்கள் குகை பாஸில் ஒருவர் 12 முறை செத்தார். ஒவ்வொரு முறையும் 2 நிமிட நடை, 30 நொடி தாண்ட முடியாத வசனக் காட்சி, 50 நொடி சண்டை. சேர்த்துப் பார்த்தால் 30 நிமிடம் நடையும் வசனமும், 10 நிமிடம்தான் சண்டை. பாஸைக் கற்றுக்கொள்ள அவருக்கு நாங்கள் கொடுத்தது அந்தப் பத்து நிமிடம்.

2022இல் எல்டன் ரிங் பல பாஸ்களின் வாசலுக்கு அருகிலேயே மறுபிறப்புக் கல்லை நட்டது. அதைச் செய்த, கடுமைக்குப் பேர்போன நிறுவனமே நடையைக் கஷ்டக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவுசெய்தது. குகை வாசலில் நாங்களும் ஒரு கல் நட்டோம், வசனத்தை இரண்டாம் முறையிலிருந்து தாண்டவிட்டோம்.

பாஸுக்கு மறைந்த இரண்டாம் கட்டம் இருந்தால் அதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஹெல்த் பட்டை காலியாகி, எல்லா மருந்தையும் குடித்துத் தீர்த்த பிறகு அது மறுபடி நிரம்புகிற நொடியில் பலர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தாங்குகிறது: பதினாலு ஆச்சு, இன்னும் ஆறு. எங்கள் உச்சி அரக்கியின் ஹெல்த் பட்டையில் இரண்டு வெள்ளிக் கோடு போட்டோம், மூன்று கட்டம் என்று தெரிகிற மாதிரி. அவள் பலம் மாறவில்லை. பாதியில் விட்டவர்கள் முடிக்க ஆரம்பித்தார்கள். ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று குழுவில் ஒருவர் இன்னும் வருத்தப்படுகிறார், அவர் பக்கமும் நியாயம் உண்டு.

"90 சதவீதம்னு போட்டிருக்கு, மிஸ் ஆகுது"

டர்ன் முறை கேம் செய்கிறவர்களுக்கு மட்டும். அடி படும் வாய்ப்பு என்று திரை காட்டும் எண் சரியாகத்தான் இருக்கும், மனித மனம்தான் 90ஐ நூறு என்று படிக்கும். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002இல் வந்த கேமிலிருந்து பலவற்றில் ஒரு தந்திரம் உண்டு: ஒரு பகடைக்குப் பதில் இரண்டு பகடை உருட்டி சராசரி எடுப்பார்கள். திரையில் 90 என்றால் உண்மையில் 98க்கு மேல் படும். மனசுக்கு இதமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்டும் எண்ணை நம்பித் திட்டம் போடுகிறவரிடம் உண்மையான எண்ணைக் காட்ட வேண்டும். குறி தவறினால் பாதி அடியாவது உரசிப் போகட்டும்.

ஒருவர் எளிது என்கிறார், ஒருவர் கஷ்டம் என்கிறார்

இருவரும் சரி. ஆனால் எளிது, நடு, கடினம் என்ற மூன்று பொத்தானில் இது தீராது. கீழே பட்டறையில் கொலுசுக்கு மெருகு போடும் ஒரு அம்மா இருக்கிறார், ஐம்பத்தைந்து வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே வந்து அரை மணி நேரம் ஆடுவார். எதிரியின் வித்தைகளை எங்களைவிட வேகமாகப் படிப்பார். விரல் மூட்டுதான் ஒத்துழைக்காது. அவருக்கு "எளிது" கொடுத்தால் எதிரிகள் அசடாகி, அவர் ரசிக்கிற பகுதியே போய்விடுகிறது. அவருக்குத் தேவை எதிரியின் ஓங்கல் நேரம் (அடி கிளம்பி விழும்வரை உள்ள நேரம்) ஒன்றரை மடங்காவது மட்டும். ஆகவே பிரித்து வையுங்கள்: ஓங்கல் நேரம் தனி, வாங்கும் அடி தனி, சீட்டு எண்ணிக்கை தனி.

2020இல் வெளிவந்த ஹேடிஸ் இன்னொரு நல்ல வழி காட்டியது. காட் மோட் என்ற உதவியைப் போட்டால் வாங்கும் அடியில் 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80வரை. கேட்டவருக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. எதிரியின் குணம் மாறுவதில்லை.

இன்னும் தீராதது

வைத்தியச்சி. கூட வரும் தோழியருள் ஒருத்தி, அவளைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். ஆடுகிறவர்கள் குணப்படுத்துவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை, ஹெல்த் பட்டையைப் பார்த்தபடியே சண்டை முழுவதும் போகிறது. குணப்படுத்தும் அளவைக் குறைத்தோம், பதற்றம்தான் கூடியது. விஷம் தடவிய கத்தி கொடுத்தோம், யாரும் தொடவில்லை. இப்போது மூலிகைகளைச் சண்டைக் களத்திலேயே ஓரங்களில் முளைக்கவிட்டிருக்கிறோம். எதிரிகளுக்கு நடுவே ஓடிப் பறித்தால்தான் மருந்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு புதிய ஆட்கள் வருகிறார்கள், மிச்சம் பிடித்து வைத்திருந்தவர்கள். வீடியோவில் பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: ஒரு நிமிடத்தில் எத்தனை நொடி அவர்கள் கண் பட்டையில் இருக்கிறது, எத்தனை நொடி களத்தில் இருக்கிறது.